அழுகை நின்றால் போதுமா?

தலவாக்கலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில், மலைக்குப் போகிற நேரத்துக்கு முன்பே, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்தின் கதவு திறந்துவிடும். ஹொலிரூட், லோகி, கிரேட்வெஸ்டர்ன், சென்கிளேயர் என்று எந்தத் தோட்டமானாலும் காலைக் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். பிந்தினால் அன்றைய நாட்கூலிக்குப் பேர் விழாது என்ற பதற்றம் அம்மாவுக்கு. இடுப்பில் படங்கு கட்டிய அவளுடைய கால்களைப் பிடித்துக்கொண்டு இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளை கதறும். ஆயா வந்து தூக்கிக்கொள்வார். அம்மா திரும்பிப் பார்க்காமல் நடப்பாள். திரும்பினால் அழுகை கூடும் என்று மூத்தவர்கள் சொல்லி வைத்திருப்பார்கள். ஒரு வாரம், பத்து நாள் இப்படிப் போகும். பிறகு ஒரு நாள் பிள்ளை அழாது. கொடுத்ததைச் சாப்பிடும், படுக்கச் சொன்னால் படுக்கும். "பழகிருச்சு" என்பார்கள். எல்லோருக்கும் நிம்மதி.

பிள்ளைக்கும் அது நிம்மதிதானா என்ற கேள்வியை எழுப்பியவர் ஜேம்ஸ் ரொபர்ட்சன். லண்டனில் உளவியல் மருத்துவர் ஜோன் பௌல்பியுடன் பணிபுரிந்த சமூகப் பணியாளர் அவர். அந்தக் காலத்து ஆங்கிலேய மருத்துவமனைகளில் பிள்ளையை அனுமதித்துவிட்டால் பெற்றோர் பார்க்க வருவதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. தாயும் தகப்பனும் வந்து போனால் பிள்ளைகள் அழுது அமர்க்களம் செய்கிறார்கள், வராமல் இருந்தால் சீக்கிரம் அமைதியாகிவிடுகிறார்கள் என்பதுதான் தாதிமார் சொன்ன காரணம். ரொபர்ட்சன் வார்டுகளில் உட்கார்ந்து அந்த அமைதியைக் கவனித்தார். முதலில் பிள்ளை அலறி எதிர்ப்புக் காட்டுகிறது. அடுத்து நம்பிக்கை இழந்து தேம்புகிறது. கடைசியில் யார் வந்தாலும் ஒன்றுதான் என்பதுபோல் ஒதுங்கிக்கொள்கிறது. இந்த மூன்றாம் கட்டத்தைத்தான் தாதிமார் "பழகிவிட்டது" என்று எண்ணியிருந்தார்கள். எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த ஒரு இரண்டு வயதுச் சிறுமியை அவர் படமெடுத்து 1952-இல் மருத்துவர்களுக்குத் திரையிட்டபோது, பலர் கோபப்பட்டார்கள். ஏழு ஆண்டு கழித்து, 1959-இல், பிள்ளைகளைப் பெற்றோர் தாராளமாகப் பார்க்க விட வேண்டும் என்று பிரித்தானிய அரசு அமைத்த குழுவே பரிந்துரைத்தது.

பிள்ளை மடுவம் மருத்துவமனை இல்லை. மாலையில் அம்மா கட்டாயம் வருகிறாள். பெரும்பாலான பிள்ளைகள் மெய்யாகவே பழகிக்கொள்கிறார்கள். எது பழக்கம், எது ஒதுக்கம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம். பழகிய பிள்ளை விளையாடும், சண்டை போடும், விழுந்து அடிபட்டால் ஆயாவிடம் ஓடும். அம்மாவைக் கண்டதும் சில வேளை வெடித்து அழும். நாளெல்லாம் நன்றாகத்தானே இருந்தது, இப்போது ஏன் இந்த நாடகம் என்று அலுத்துக்கொள்கிற தாய்மார் உண்டு. அது நாடகம் இல்லை. பகல் முழுக்க அடக்கி வைத்ததை அவிழ்த்துக் கொட்ட நம்பிக்கையான இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். எதற்கும் அழாத, எதையும் கேட்காத, யார் தூக்கினாலும் போகிற பிள்ளையைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

சிறு பிள்ளைக்குத் தன் மனவெழுச்சியைத் தானே அடக்கத் தெரியாது. அதற்கான உறுப்பே இன்னும் ஆயத்தமாகவில்லை. பயத்தையும் கோபத்தையும் கிளப்பிவிடுகிற மூளைப் பகுதிகள் பிறவியிலிருந்தே வேலை செய்கின்றன. "பொறு, யோசி" என்று கட்டுப்படுத்துகிற மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர்வதற்கு இருபது வயதைத் தாண்டி, இருபத்தைந்தை ஒட்டிய காலம் வரை ஆகிறது. நாலு வயதுப் பிள்ளையிடம் "கோபத்த அடக்கத் தெரியாதா உனக்கு?" என்று கேட்டால், உண்மையான பதில் "தெரியாது" என்பதே. அதுவரை பெரியவரின் நிதானத்தைத்தான் பிள்ளை கடன் வாங்கிக்கொள்கிறது. நடை பழகும்போது விரலைப் பிடித்துக்கொள்கிற மாதிரிதான் இதுவும். பிடித்துப் பிடித்துத்தான் ஒரு நாள் விடுகிறது.

ஒன்றரை வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் தரையில் புரண்டு அடம்பிடிப்பதை அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் போடேகல் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 2003-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி நான்கில் மூன்று பங்கு அடம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. கோபம் தொடக்கத்திலேயே உச்சிக்குப் போய் இறங்கிவிடும். கூடவே ஓடிக்கொண்டிருக்கிற துக்கம் மிஞ்சி நிற்கும். முடிவில் பிள்ளை மடி தேடி வரும். உச்சியில் இருக்கும்போது புத்தி சொல்வதும் மிரட்டுவதும் காதில் ஏறாத வேலை. பக்கத்தில் உட்கார்ந்து, தன்னையோ பிறரையோ காயப்படுத்தாமல் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் காத்திருப்பதுதான் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஏற்றது. மடிக்கு வந்த பிறகு பேசலாம்.

"தம்பி பந்த எடுத்துட்டான்னு கோவம் வந்துருச்சா? ஒன்னய சேத்துக்கலன்னு கவலையா இருந்துச்சா?" என்று கேட்பது செல்லம் கொடுப்பது ஆகாது. உள்ளே கொந்தளிக்கிற ஒன்றுக்குப் பெயர் கிடைக்கும்போது அதன் வேகம் தணிகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மெத்தியூ லீபர்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கோபமும் அச்சமும் தெரியும் முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சியின் பெயரைத் தெரிவு செய்தபோது, மூளையின் அச்ச மையமான அமிக்டலாவின் கிளர்ச்சி குறைந்ததைக் கருவிகள் பதிவு செய்தன. அதில் பங்கேற்றவர்கள் வளர்ந்தவர்கள். ஆனால் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் இதை அனுபவத்தில் எப்போதோ கண்டவர்கள்தான். பயம், ஏமாற்றம், பொறாமை, வெட்கம், ஏக்கம் என்று சொல்லத் தெரியாத பிள்ளை வேறு வழியில் சொல்கிறது. பள்ளிக்கூடம் போகிற காலையில் மட்டும் வயிறு வலிக்கிறது. நனையாத பாய் ஆறு வயதில் மறுபடி நனைகிறது. அம்மா கொழும்புக்கு வேலைக்குப் போன மறு வாரம் காய்ச்சல் வருகிறது. "ஏக்கத்துல வந்த காய்ச்சல்" என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் பாட்டிமார் சரியாகவே கண்டுபிடிக்கிறார்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். விடிந்தது முதல் கொழுந்தும் நிறுவையும், வந்தால் விறகும் தண்ணீரும் சமையலும் என்று ஓடுகிற ஒரு தாயிடம் போய், பிள்ளை அழும்போது பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திரு என்று சொல்வது எளிது. அவளுடைய பொறுமைக்கு யார் நேரம் கொடுத்தார்கள்?

அதற்குத் தெம்பூட்டுகிற ஒரு விடை, எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது. ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் கவாய் என்றொரு சிறிய தீவு. கரும்புத் தோட்டத்திலும் அன்னாசித் தோட்டத்திலும் கூலி வேலைக்கு ஆசிய நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் நிறைந்த தீவு அது. 1955-இல் அங்கே பிறந்த 698 பிள்ளைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய துணை ஆய்வாளர் ரூத் ஸ்மித்தும் பின்தொடர்ந்தார்கள். ஒரு வயதில், இரண்டு வயதில், பத்தில், பதினெட்டில், முப்பத்திரண்டில், நாற்பதில் என்று திரும்பத் திரும்பச் சந்தித்தார்கள். வறுமை, ஓயாத வீட்டுச் சண்டை, குடிக்கு அடிமையான தகப்பன், மனநோய் கண்ட தாய் என்று பல சுமைகள் ஒன்றாகச் சேர்ந்த பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் பதினெட்டு வயதுக்குள் படிப்பிலோ நடத்தையிலோ தடுமாறினார்கள். மிச்சமுள்ள மூன்றில் ஒரு பங்கினர், 72 பேர், அதே மாதிரியான வீடுகளிலிருந்து நம்பிக்கையும் அன்பும் பொறுப்பும் உள்ள மனிதர்களாக எழுந்து வந்தார்கள்.

அவர்களுக்கு மட்டும் கிடைத்தது என்ன? பிறவிக் குணம் கொஞ்சம் உதவியது. அதைவிடத் திரும்பத் திரும்பத் தென்பட்டது ஒன்று: அந்தப் பிள்ளையை அப்படியே ஏற்றுக்கொண்ட, எப்போதும் ஒரே மாதிரி இருந்த ஒருவராவது அதன் வாழ்வில் இருந்தார். அது தாயாகவோ தகப்பனாகவோ இருக்க வேண்டியதில்லை. பாட்டியாக இருந்தது, மாமியாக இருந்தது, அக்காவாக இருந்தது, பக்கத்து வீட்டுக்காரராக இருந்தது, ஆசிரியராக இருந்தது. இன்னொன்றும் உண்டு. பதினெட்டு வயதில் தடம் மாறியிருந்தவர்களில் பெரும்பாலோர் முப்பது, நாற்பது வயதுக்குள் தேறிவிட்டிருந்தார்கள்.

தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போது சொந்த ஊரைப் படிக்கிற மாதிரி இருக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பத்தின் கோபமும் அழுகையும் சுவரைத் தாண்டி அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். தனியாக அழவும் இடம் கிடையாது. அது லயத்தின் கொடுமை. ஆனால் அதே சுவரைத் தாண்டித்தான் அடிபட்ட பிள்ளை அத்தையின் இஸ்தோப்புக்கும் பெரியம்மாவின் அடுப்படிக்கும் ஓடிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. தாய் தகப்பனைத் தவிர வேறு பெரியவரே இல்லாத நகரத்து மாடிக் குடியிருப்புப் பிள்ளைக்கு இல்லாத ஒன்று, இங்கே நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது.

அந்தப் பெரியவர்களில் முதன்மையானவர், பகலில் எட்டு மணி நேரம் பிள்ளையோடு இருக்கிற மடுவத்து ஆயாதான். 1992-இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியபோது தொழிலாளர் நலனுக்கென்று ஓர் அமைப்பு உருவானது. இன்று அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். அதன் கண்காணிப்பில் பழைய மடுவங்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறி வருகின்றன. சுவரில் படங்கள் வந்தன, விளையாட்டுப் பொருள்கள் வந்தன, பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் வந்தார்கள். கவனம் பெரும்பாலும் உணவிலும் எடையிலும் இருப்பதில் தவறில்லை. 2016-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் 17 விழுக்காடு என்றால் தோட்டங்களில் 32 விழுக்காடு. பசித்த பிள்ளைக்கு மனவெழுச்சிப் பாடம் நடத்த முடியாது. ஆனாலும் எடை அட்டையில் ஒவ்வொரு மாதமும் கிலோவும் கிராமும் ஏறுகிற வேளையில், அந்தப் பிள்ளை யாருடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எப்போது ஒடுங்கிப் போகிறது என்பதையும் ஆயாவிடம் ஒருவர் கேட்டால் நல்லது. அவருக்குத்தான் அது தெரியும்.

செலவில்லாத சீர்திருத்தம் ஒன்றைத் தோட்ட நிர்வாகங்கள் உடனே செய்யலாம். புதிதாகப் பிள்ளையை விடுகிற தாய்க்கு முதல் ஒன்றிரண்டு வாரம் காலையில் அரை மணி நேரம் மடுவத்தில் இருந்துவிட்டுப் போக, பேர் வெட்டாமல் அனுமதி. அம்மா அங்கே உட்கார்ந்து ஆயாவோடு பேசிச் சிரிப்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு, இந்த ஆயா நம்பத் தகுந்தவர் என்பது தானாக விளங்கும். கண்ணைக் கட்டிவிட்டு ஓடாமல், "அம்மா மலைக்குப் போயிட்டு, சாயந்தரம் வந்து தூக்கிக்குவேன்" என்று சொல்லிவிட்டுப் போவதும், சொன்னபடி வருவதும் பிள்ளைக்குப் பெரிய மருந்து. பிள்ளை அப்போதும் அழும். ஆனால் ஏமாற்றப்பட்ட பிள்ளையின் அழுகையாக அது இருக்காது.

கடல் தாண்டிப் போகிற தாய்க்கு இது இன்னும் பொருந்தும். தோட்டக் கூலியில் கடன் அடையாத வீடுகளிலிருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் மலையகத்தில் லயத்துக்கு லயம் உண்டு. பிள்ளைகளை முன்னிட்டு அரசாங்கம் 2013-இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற நடைமுறையைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் போக முடியாது என்றது. பொருளாதாரம் சரிந்த 2022-இல் அந்த வயதெல்லை இரண்டாக இறங்கியது. வெளிநாடு போனவர்களின் பிள்ளைகளை இலங்கையில் ஆராய்ந்து 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐந்து பேரில் இருவருக்கு மனநலச் சிக்கல் இருப்பது தெரியவந்தது. அந்தத் தாய்மாரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவதற்கு இந்த எண்ணைப் பயன்படுத்துவது அநியாயம். அவர்கள் போனதால்தான் பிள்ளை சப்பாத்துப் போட்டுப் பள்ளிக்கூடம் போகிறது.

போகிறவர் எப்படிப் போகிறார் என்பதில் மட்டும் நிறைய இருக்கிறது. பிள்ளை தூங்கும்போது போய்விடுவது பெரியவர்களுக்கு வசதி. விழித்தெழுகிற பிள்ளைக்கோ, தூங்கினால் ஆட்கள் காணாமல் போவார்கள் என்ற பாடம் மனதில் பதிகிறது. பிறகு மாதக்கணக்கில் அது தூங்க மறுக்கும். போவதற்குச் சில வாரம் முன்பே சொல்ல வேண்டும்: எங்கே போகிறேன், ஏன் போகிறேன், யார் உனக்குச் சோறு போடுவார், யார் பக்கத்தில் படுப்பாய், எப்போது நான் போன் எடுப்பேன். வெள்ளிக்கிழமை இரவு வீடியோ கோல் என்றால் வெள்ளிக்கிழமை இரவு வர வேண்டும். "நீ சொல்வழி கேக்காததாலதான் அம்மா போயிட்டா" என்று விளையாட்டுக்குக்கூட எவரும் சொல்லக் கூடாது. சின்னப் பிள்ளைகள் நடப்பதெல்லாம் தங்களால்தான் நடக்கிறது என்று நம்புகிறவர்கள். வளர்க்கிற அப்பாயியும் அம்மாயியும், "அம்மாவ நெனச்சு அழுவாத" என்பதற்குப் பதில், "எனக்குந்தான் தேடுது, வா அவ போட்டோவ பாப்போம்" என்று சொன்னால், தன் ஏக்கத்தைப் பாட்டியும் சுமக்கிறாள் என்பது பிள்ளைக்குத் தெரிகிறது.

அடியைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. "அடியாத மாடு படியாது" என்கிற பேச்சு வீட்டிலும் பள்ளியிலும் இன்னும் செல்லுபடியாகிறது. போர்க் காலத்திலும் சுனாமிக்குப் பின்னும் வடகிழக்கில் ஆய்வு செய்த கிளவுடியா கட்டானி என்ற ஜெர்மன் உளவியலாளரின் குழு, 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசி 2008-இல் முடிவுகளை வெளியிட்டது. போரின் கொடுமை ஒன்றையாவது அனுபவித்தவர்கள் 82 விழுக்காடு. வீட்டுக்குள் நடந்த வன்முறை ஒன்றையாவது அனுபவித்தவர்கள் 95 விழுக்காட்டுக்கும் மேல். ஷெல் விழுந்த ஊரில்கூடப் பிள்ளைகளின் மனதைக் காயப்படுத்தியதில் வீட்டுக்கும் பங்கிருந்தது. தகப்பனின் குடியும் அந்த வன்முறையோடு பின்னிக்கிடந்தது.

அடித்தால் பிள்ளை அடங்கும் என்பது கண்ணுக்குத் தெரிகிற உண்மை. அடங்கியது எது? பயம் கோபத்தை மூடிவிடுகிறது. கோபத்தை என்ன செய்வது என்று பிள்ளை கற்கவில்லை. வலுவானவன் கோபப்பட்டால் கையை ஓங்கலாம் என்று மட்டும் கற்றுக்கொண்டது. ஐம்பது ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்து, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளை அலசிய எலிசபெத் கெர்ஷோஃபும் அண்ட்ரூ குரோகன்-கேலரும் 2016-இல் வந்து சேர்ந்த முடிவு, அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனச்சோர்வும் கூடுதல், கீழ்ப்படிவு கூடவில்லை என்பதே. இலங்கைக் கல்வி அமைச்சின் 2005-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பள்ளியில் உடல் தண்டனையை விலக்கியது. ஆசிரியர் அறைந்ததில் செவிப்புலன் பாதிக்கப்பட்ட தென்னிலங்கை மாணவர் ஒருவரின் வழக்கில், உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில், இது அரசியலமைப்பு உறுதி செய்த அடிப்படை உரிமையின் மீறல் என்று தீர்ப்பளித்து இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பிரம்பு இன்னும் சில மேசைகளில் கிடக்கிறது.

மிரட்டலும் அடியின் தங்கைதான். "ஊசி போடச் சொல்லுவேன்", "சிறுத்தகிட்ட புடிச்சுக் குடுத்துருவேன்" என்று சொல்லும்போது, தேயிலை மலையில் சிறுத்தை மெய்யாகவே நடமாடுகிற ஊரில், பிள்ளைக்கு அது கதையில்லை. ஆண் பிள்ளைகளுக்கு இன்னொரு தண்டனை சேர்ந்துகொள்கிறது: "ஆம்பளப் புள்ள அழுவலாமா?" அழ அனுமதி இல்லாதவனுக்குக் கோபம் ஒன்றே மிச்சம். பதினைந்து வயதில் அவன் கதவை உதைக்கும்போது, யாரும் துக்கம் என்று அதைப் படிப்பதில்லை. சம்பள நாள் இரவில் தகப்பனின் காலடிச் சத்தத்திலேயே நிலைமையைக் கணித்துவிடுகிற பிள்ளைகளிடம், சண்டை ஓய்ந்த மறுநாள் ஒருவராவது சொல்ல வேண்டும்: "இது ஒன்னால வந்த சண்ட இல்ல. அப்படி நடந்தா நேரா பெரியம்மா வீட்டுக்கு வந்துரு." இவ்வளவு சொல்லி வைப்பது அந்த வீட்டைத் திருத்தாது, பிள்ளைக்கு ஒரு வாசல் திறந்திருக்கும்.

மலையகத்தில் மழையும் ஒரு பயமாகிவிட்டது. 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்நேரம் பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டாரும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் நாடெங்கும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மண்சரிவே பெரும் எமனாக இருந்தது. தகரக் கூரையில் மழை இறங்கினால் அம்மாவை விட்டு நகராத பிள்ளைகளைப் பற்றி அச்சப்படத் தேவையில்லை. அவ்வளவு பெரிய சம்பவத்துக்குப் பிறகு சில வாரம் அப்படி இருப்பது இயல்பு. பெரும்பாலானோர் தாமாகத் தேறுவார்கள். பழைய நேர ஒழுங்கும் விளையாட்டும் பள்ளிக்கூடமும் திரும்பினால் இன்னும் விரைவில்.

உலகச் சுகாதார நிறுவனம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரம் மூன்று சொல்லில் அடங்கும்: பார், கேள், இணை. என்ன தேவை என்று பார், சொல்ல விரும்பினால் கேள், உறவோடும் உதவியோடும் இணைத்து விடு. முகாமில் பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்து "என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்று கிளறுவதும், அழுவதைக் கைத்தொலைபேசியில் படமெடுப்பதும் உதவி ஆகாது.

கிளறாமல் பேச வைக்கும் வழியைத் தமிழர்கள் தங்கள் மண்ணிலேயே கண்டிருக்கிறார்கள். 1996-இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற தோட்டம் பிள்ளைகளுக்குத் திறந்தது. கனடியக் கலைஞர் போல் ஹோகனும் உளவளத்துணையில் தேர்ந்த இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் அதன் பின்னால் நின்றவர்கள். தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் பஸ்ஸில் வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை கட்டி நடித்தார்கள், விலங்குகளைப் பராமரித்தார்கள். உன் துயரத்தைச் சொல் என்று எவரும் கேட்கவில்லை. களிமண்ணிலும் கதையிலும் அது தானாக வந்தது. சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் நடந்த இன்னொரு முயற்சியில், மனவடு ஆழமாகப் பதிந்த 31 பிள்ளைகளில் ஒரு பகுதியினர் தங்கள் வாழ்க்கைக் கதையை ஒழுங்காகச் சொல்லப் பழக்கப்பட்டார்கள். மற்றவர்களுக்கு மூச்சுப் பயிற்சியும் தியானமும். தலைக்கு ஆறு அமர்வுகள்தான். செய்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்த் துணையாளர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பகுதியிலும் பெரும்பாலோர் தேறியிருந்தார்கள். வெளிநாட்டு நிபுணருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மலையகத்துக்கும் தன் சொந்த வழிகள் உண்டு. மாசி மாதம் தோட்டங்களில் நடக்கிற காமன் கூத்தில், சிவனின் நெற்றிக்கண்ணில் எரிந்த மன்மதனுக்காக ரதி அழும்போது தப்பு முழங்க முழுத் தோட்டமும் சேர்ந்து கலங்கும். அப்பாமார் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். துக்கத்தைப் பலர் நடுவே வெளிக்காட்டலாம், அது முடியும், மறுநாள் வேலைக்குப் போகலாம் என்பதை எந்தப் பாடப்புத்தகத்தையும்விடத் தெளிவாக அது கற்றுக்கொடுக்கிறது. 1947-இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய ஒரு சமூகம், தன் பிள்ளைகளிடம் மட்டும் "வாய மூடு" என்று சொல்லப் பழகிக்கொண்டது வருத்தத்துக்குரியது.

பள்ளியில் ஆறாம் தரம் முதல் வாழ்க்கைத் தேர்ச்சியும் குடியுரிமைக் கல்வியும் என்ற பாடம் இருக்கிறது. அதற்குள் பிள்ளைக்குப் பதினொரு வயதாகிவிடுகிறது. அதற்கு முந்தின ஆண்டே புலமைப்பரிசில் பரீட்சையின் சுமையை அது சுமந்து முடித்திருக்கும். பத்து வயதில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்த பிள்ளையின் ஏமாற்றத்துக்கு வீட்டில் யாரும் இடம் வைப்பதில்லை. வெற்றி பெற்றவருக்கு மட்டும் பதாகை தொங்குகிறது. ஆரம்ப வகுப்பு ஆசிரியர் நாளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். மகிழ்ச்சி, கவலை, கோபம், பயம் என்று நான்கு முகம் வரைந்த ஓர் அட்டை. காலையில் வந்ததும் பிள்ளை தன் முகத்தைத் தொட்டுவிட்டு உட்காரும். மூன்று நாள் தொடர்ந்து பயத்தைத் தொடுகிற பிள்ளையிடம் இடைவேளையில் தனியாக ஒரு வார்த்தை. சேர் கேட்டார், டீச்சர் கேட்டார் என்பதே பல பிள்ளைகளுக்கு மறக்க முடியாத சம்பவமாகிவிடும்.

பெரியவரின் அரவணைப்பு மட்டும் போதாத நேரங்களும் உண்டு. பல வாரங்களாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், விளையாட்டை விட்டுவிட்டால், பேச்சு நின்றுவிட்டால், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டால், சாவதைப் பற்றிப் பேசினால், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு நடுங்கினால், உடனே மருத்துவ உதவி தேட வேண்டும். மந்திரித்துக் கயிறு கட்டுவது குடும்பத்தின் மன ஆறுதலுக்கு இருக்கட்டும். அதோடு நின்றுவிடக் கூடாது. தோட்டத்து மருத்துவ உத்தியோகத்தரிடமோ குடும்ப நல உத்தியோகத்தரிடமோ சொன்னால் அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. பிள்ளையை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. இரண்டிலும் தமிழில் பேசலாம். அழைப்பவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அப்பாயியோ, மடுவத்து ஆயாவோ, அடுத்த காம்பரா அத்தையோ, பதின்மூன்று வயது அக்காவோ அழைக்கலாம்.